பாப்பா வர்றதுக்கு முன்னாடி பூனைக்குட்டி: ஒண்ணா, ரெண்டா? என் பதில் வேற

அவசரகால நிதி பத்தி வீடியோ போட்டதுக்கு அப்புறம் ஏற்காட்டுல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். மியூச்சுவல் ஃபண்ட் கேள்வி இல்ல, பூனைக் கேள்வி.

விஷயம் இதுதான். பக்கத்து எஸ்டேட் காபி ஸ்டோர்ல பிப்ரவரியில ஒரு பூனை குட்டி போட்டிருக்கு. மிஞ்சினது ரெண்டு. அறுவடை முடிஞ்சு மூட்டை எல்லாம் போயிடுச்சு, மார்ச் கடைசியில ஸ்டோரைப் பூட்டிடுவாங்க. தம்பி ஒரு ஹோம்ஸ்டேவைப் பார்த்துக்கறார். அவர் மனைவி தனியார் பள்ளி டீச்சர், இப்போ 5-ம் மாசம். ஜூலையில பிரசவம். அவங்களுக்கு ரெண்டு குட்டியும் வேணும். தம்பிக்கு ஒண்ணு போதும், "செலவு பாதியாகும்ல அண்ணா" என்கிறார். கையில சேமிப்பு 60,000 ரூபாய்.

முதல்ல அந்தப் பாதி கணக்கைப் பார்ப்போம். நான் சேலத்துல விசாரிச்ச விலையில தோராயமா போட்டது இது, உங்க ஊர்ல கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஒரு குட்டிக்கு முதல் வருஷம்: தீனி 8,400, லிட்டர் மண் 6,000, தடுப்பூசியும் பூச்சி மருந்தும் 3,000, கருத்தடை ஆபரேஷன் 5,000, ட்ரே, கூடை வகையறா 2,500. அப்புறம் டாக்டர்கிட்ட காட்ட மலை இறங்கணும். சேலம் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு (பூனை வாந்தி எடுக்கும், பழைய துண்டு ஒண்ணு வெச்சுக்கோங்க). கார் வாடகை ஒரு தடவைக்கு 1,500-ன்னு நாலு தடவைக்கு 6,000. மொத்தம் 30,900.

ரெண்டாவது குட்டிக்கு கார் வாடகை கிடையாது, அதே கூடையில போயிடும். கூடுதலா ஒரு ட்ரே 600. ஆக 23,000. ரெண்டுக்கும் சேர்த்து 53,900. ஒண்ணா வாங்கினா செலவு பாதியாகலைங்க, கிட்டத்தட்ட அறுபது சதவீதம் அப்படியே நிக்குது.

இந்த இடத்துல யாராச்சும் "மாசம் 2,400 ரூபாயை எஸ்ஐபி-ல போட்டா 15 வருஷத்துல 12 சதவீதத்துக்கு 12 லட்சம்"னு ஆரம்பிப்பாங்க. அந்தக் கணக்கைப் போட்டா குழந்தையே பெத்துக்க முடியாது. விடுங்க.

எனக்குப் பயம் வருஷக் கணக்குல இல்ல, ஜூலை மாசத்துல. பூனைக்குட்டி நாலஞ்சு மாசத்துலயே சினை பிடிக்கும். அண்ணன் தங்கச்சின்னு அதுங்களுக்குத் தெரியாது. பிப்ரவரியில பிறந்த குட்டிக்கு அஞ்சு மாசம் ஆகறது ஜூலையில, அதாவது பிரசவ மாசத்துல. அதே நேரம் கோடை சீசன் முடிஞ்சு, மழையும் பனியுமா ஹோம்ஸ்டே காலியா கிடக்கும். டீச்சரம்மாவுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு உண்டு. ஆனா அவங்க பள்ளியில கிடைக்காதுன்னு தம்பி எழுதியிருக்கார். ஜூலைக்குள்ள மட்டும் ரெண்டு குட்டிக்கு ஆகற செலவு 34,700. ஒண்ணுக்குன்னா 21,300. 60,000-ல இருந்து எதை எடுத்தாலும் ஆஸ்பத்திரிக் காசுலதான் கை வைக்கிறீங்க. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல 18,000 வரைக்கும் கிடைக்கும், சரி. ஆனா அது தவணை தவணையாத்தான் வரும், அதை நம்பி செலவு பண்ணக் கூடாது.

பணத்தைவிட முக்கியமான ஒண்ணு இருக்கு. கர்ப்பமா இருக்கும்போது புதுசா பூனை, அதுவும் வெளியில திரிஞ்ச குட்டி வேண்டாம்னுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லுது. காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்கிற கிருமி. எலி, குருவி, பச்சை இறைச்சி தின்ன பூனையோட மலத்துல வரும். வெளியே வந்து ஒரு நாளைக்கு மேல ஆனாதான் அது தொத்தும், அதனால ட்ரேயைத் தினமும் சுத்தம் பண்ணணும். பண்றது கர்ப்பிணியா இருக்கக் கூடாது. இதே கிருமி தோட்ட மண்ணுல இருந்தும், கழுவாத கீரையில இருந்தும், சரியா வேகாத கறியில இருந்தும் வரும். ஏற்கனவே வந்து போயிருக்கான்னு ரத்தப் பரிசோதனையில தெரியும், மகப்பேறு டாக்டர்கிட்ட கேளுங்க. மத்தபடி, "பூனை முடி வயித்துக் குழந்தைக்கு ஆகாது"ன்னு பெரியவங்க சொல்றதுக்கு நான் பயப்படலை.

சரி, என் கருத்து: ரெண்டு, இல்லேன்னா ஒண்ணுமே வேண்டாம். ஒத்தைக் குட்டிதான் மூணுலயும் மோசமான முடிவு.

கூடப் பிறந்ததோட கடிச்சுப் புரண்டு விளையாடித்தான் குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னு பழகும். தனியா வளர்ந்தா உங்க கைதான் அதுக்கு விளையாட்டுச் சாமான். பிறந்த குழந்தை இருக்கற வீட்டுல ராத்திரி மூணு மணிக்கு அதோட விளையாட யாருக்கு நேரம்? எங்க வீட்டுல மகள் பிறந்தப்போ ஒத்தைக் குட்டிதான் இருந்துச்சு. நாங்க கவனிக்கலைன்னு சேலைத் தூளியைப் பிடிச்சுத் தொங்கும். ஒருநாள் காலி தூளிக்குள்ள சுருண்டு தூங்குச்சு. காலியா இருந்ததாலதான் இன்னைக்கு அதைச் சிரிச்சுக்கிட்டு எழுதறேன். அன்னைக்கே அந்த ரூமுக்கு வலைக் கதவு போட்டேன். ஒண்ணுதான் வேணும்னா ரெண்டு வயசான, ஊசி எல்லாம் போட்ட பூனையா பாருங்க.

தம்பி, இப்படிப் பண்ணுங்க. குட்டிகளை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. ஹோம்ஸ்டே பின்கட்டு ரூம்ல வெச்சு, ட்ரே வேலையை நீங்களே பாருங்க, கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போங்க. ஏப்ரல், மே சீசன் வருமானத்துல மாசம் 17,500 தனியா எடுத்து வைங்க. 60,000-ஐத் தொடக் கூடாது. ரேபிஸ் ஊசி மூணு மாசத்துல போடுவாங்க. அப்போவே கருத்தடைக்கு எடை போதுமான்னு கேட்டு, ஜூன்ல முடிச்சுடுங்க. ஊசி போடறதுக்கு முன்னாடி பிராண்டினாலோ கடிச்சாலோ, சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, அங்க ஊசி இலவசம். குழந்தைக்கு மூணு நாலு மாசம் ஆனதும் ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டு வரலாம்.

மே 10-ம் தேதிக்குள்ள முதல் 17,500 சேரலைன்னா, ரெண்டுக்கும் சேர்த்து வேற வீடு தேட ஆரம்பிங்க. எஸ்டேட் பக்கம் எலித் தொல்லை இல்லாத வீடு ஏது? கேட்டா எடுத்துப்பாங்க. டீச்சரம்மாகிட்ட இந்தத் தேதியை இப்பவே சொல்லிடுங்க, குட்டிகளுக்குப் பேரு வைக்கறதுக்கு முன்னாடி.