நரியின் பசியும் உத்திரமேரூர்க் குடமும்

பஞ்சதந்திரத்தின் முதற் பகுதியாகிய மித்திரபேதத்தைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் கேட்டிருக்கிறோம். பிங்களகன் என்னும் சிங்கமும் சஞ்சீவகன் என்னும் காளையும் கொண்ட நட்பைத் தமனகன் என்னும் நரி கோள்மூட்டிப் பிரித்தது. சிங்கம் காளையைக் கொன்றது. கோள் கேளாதே என்பதே இதன் நீதி என்பர். பிழையன்று. ஆயினும் அது விளைவைக் கண்டு உரைத்த நீதி. காரணம் கதையின் முற்பகுதியிலேயே கிடக்கிறது.

தமனகன் அமைச்சர் குலத்தில் பிறந்து பதவி இழந்தவன். காளையின் முழக்கத்துக்கு அஞ்சிய சிங்கத்தின் அச்சம் போக்கி, இருவரையும் நண்பராக்கியவனும் அவனே. நட்பு முற்றியபின் அரசன் வேட்டையை மறந்தான். அவன் உண்டு எஞ்சியதை நம்பி வாழ்ந்த நரிகள் பட்டினி கிடந்தன. அரசனின் செவி ஒருவனுக்கே உரியதாயிற்று. போட்டி அங்கேதான் முளைத்தது. நரியின் வஞ்சகத்தைப் பழிப்போர் அதன் பசியை எண்ணுவதில்லை.

இக்கதையைக் கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பகலவி மொழியிலிருந்து 'கலீலா வ திம்னா' என அரபியில் ஆக்கியவர் இப்னுல் முகஃப்பஃ. வடமொழிக் கதையில் நரி அமைச்சனாகவே நீடிக்கிறது. அரபு நூலிலோ தனி இயல் ஒன்று சேர்ந்து, நரி விசாரணைக்கு நிறுத்தப்பட்டு உயிரிழக்கிறது. படிப்போர் நெஞ்சுக்கு ஆறுதல்தான். ஆனால் தீர்ப்பு வந்த நாளில் காளை உயிரோடில்லை.

குற்றம் நிகழுமுன்னரே வழியடைக்க இயலாதா? நம் உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவர் இதற்கு விடை வைத்திருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறித்த கல்வெட்டுகள் அவை. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை ஏற்பான். கைக்குள் எதையும் ஒளிக்க இயலாது! முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மீண்டும் இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் அவர்தம் உறவினருக்கும் இடமில்லை. இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்தி, குறைந்த வயதையும் 30இலிருந்து 35ஆக உயர்த்தினர். முதல் ஏற்பாட்டில் எங்கோ நரி நுழைந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அக்குடத்தில் பெண்களின் பெயரும் நிலமற்றோர் பெயரும் விழவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது.

இன்றும் மாணவர் மன்றத்திலோ ஊர்ச் சங்கத்திலோ பிளவு நேர்ந்தால், கோள் சொன்னவர் யார் என்றே தேடுகிறோம். செயலாளர் நாற்காலியில் ஒருவரே எத்தனை ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறார், கணக்கு கடைசியாக என்று படிக்கப்பட்டது என்று எவரும் வினவுவதில்லை.