நாய்க்குப் பெயருண்டு, மனிதனுக்கு?

போர்க்களத்தில் ஒரு வீரனுக்கும் அவனுடைய மோப்ப நாய்க்கும் இடையே மலரும் நட்பைக் கூறும் படங்கள் இன்று நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டன. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நம் பிள்ளைகள் அவற்றைக் கண்டு கண்கலங்குகின்றனர். “நாய்ப் படமா? நிறுத்து!” என்று பெரியவர்கள் அதட்டுகின்றனர். பிள்ளைகளின் கண்ணீரில் பிழையில்லை. பெரியவர்களின் கண்டனந்தான் விழவேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் விழுகிறது.

விலங்கைத் திரையில் நாயகனாக்குவது கோவைக்குப் புதியதன்று. கோவை மண்ணின் மைந்தரான சாண்டோ சின்னப்பா தேவர் 1971-இல் இந்தியில் ‘ஹாத்தி மேரே ஸாத்தி’யையும், 1972-இல் தமிழில் ‘நல்ல நேர’த்தையும் எடுத்து, யானைகளுக்காக நாட்டையே கண்ணீர் சிந்த வைத்தார். அந்த யானைகள்மீது அன்பு பிறப்பதற்கு ஒரு சமுதாயத்தையே முகமற்றதாக ஆக்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.

இன்றைய போர்ப் படங்களின் நிலை என்ன? 2017-இல் வெளிவந்த அமெரிக்கப் படமான ‘மேகன் லீவி’யை எடுத்துக்கொள்வோம். ஈராக்கின் ரமாதிப் பகுதியில் வெடிகுண்டு தேடிய ஒரு வீராங்கனையும் ரெக்ஸ் என்னும் நாயும் 2006-இல் குண்டுவெடிப்பில் காயமுற்றனர். பல ஆண்டுகள் போராடி, 2012-இல் அவர் அந்த நாயைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். இது உண்மை நிகழ்ச்சி. நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சியுங்கூட. ஆனால் படம் முடிந்தபின் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். நாயின் பெயர் என்ன? உடனே விடை வரும். அந்த ஊர் மக்களில் ஒருவர் பெயரைச் சொல் என்றால்? மௌனந்தான். பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி 2003-இல் அந்த நாட்டுக்குள் படை புகுந்தது. அத்தகைய ஆயுதக் குவியல் எதுவும் அங்கே அகப்படவில்லை. அந்தத் தெருக்களில் வாழ்ந்து மடிந்தவர்களுக்காகச் சிந்த ஒரு துளிக் கண்ணீரையாவது இப்படங்கள் மிச்சம் வைத்தனவா? 2022-இல் வந்த ‘டாக்’ என்னும் படத்திலோ, அரபு உடை தரித்த ஒருவரைக் கண்டதும் படைநாய் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலை அதற்குப் பழக்கியது யார்?

“கதை நாயைப் பற்றியது, அதில் மற்றவர்களை ஏன் தேடுகிறீர்கள்?” என்று கேட்போர் உண்டு. 1997 நவம்பர்க் கலவரத்தையும் 1998 பிப்ரவரிக் குண்டுவெடிப்பையும் கண்ட கோவையில் வாழும் நம்மிடம் இக்கேள்வி செல்லாது. இரண்டிலும் மாண்டோர் மனிதர்களே. சிலர் செய்த குற்றத்துக்காகப் பேட்டை முழுவதும் ஐயத்துக்கு ஆளானதையும், பெயரைச் சொன்னதும் எதிரிலிருப்பவர் முகம் மாறியதையும் நாம் அனுபவித்தோம். முகமும் பெயரும் பறிக்கப்பட்ட மனிதனுக்கு எந்தத் தீங்கு நேர்ந்தாலும் உலகின் மனம் உறுத்துவதில்லை. அந்த உறுத்தாமையைத்தான் இப்படங்கள் பழக்குகின்றன.

இனி நம் பெரியவர்களிடம் வருவோம். ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே அசுத்தம். ஹனஃபீ மத்ஹபில் அதன் உமிழ்நீர் அசுத்தம். மாலிகீ மத்ஹபிலோ உயிருள்ள நாய் தூய்மையானதே. சட்டத்தைப் பேணுவோம்; ஆனால் சட்டம் வெறுப்பாகிவிடலாகாது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தருவதை உண்ண அனுமதிக்கிறது திருமறை. தாகத்தால் தவித்த நாய்க்குக் காலுறையில் நீர் முகந்து புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

வெள்ளிதோறும் நாம் ஓதும் ‘அல்கஹ்ஃப்’ அத்தியாயத்தை எண்ணிப் பாருங்கள். குகைத் தோழர்கள் எத்தனை பேர் என்று மக்கள் தர்க்கித்ததை எடுத்துக் கூறும்போது, மூவர் என்றால் நான்காவதாகவும், ஐவர் என்றால் ஆறாவதாகவும், எழுவர் என்றால் எட்டாவதாகவும் அவர்களுடைய நாயும் எண்ணப்படுகிறது. மனிதரோடு சேர்த்து நாயையும் எண்ணக் கற்றுக்கொடுத்த வேதம் நம்முடையது. நாயை எண்ணிவிட்டு மனிதரை விட்டுவிடும் கலையைக் கண்டிக்க நம்மைவிட உரிமை பெற்றவர் யார்? அந்த உரிமையை மறந்து, “அசுத்தம்” என்ற ஒரே சொல்லோடு எழுந்து போய்விடுகிறோம்!

நம் நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு. 2014 ஏப்ரலில் காஷ்மீரத்து ஷோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை 2024-இல் ‘அமரன்’ என்ற தமிழ்ப் படமாயிற்று. அவருடைய தியாகத்துக்கு நாமும் தலைவணங்குகிறோம். அவர் மறைந்த மறு ஆண்டு, 2015 ஆகஸ்டில், அதே காஷ்மீரத்தின் தங்தார் எல்லைப் பகுதியில், மான்சி என்னும் நான்கு வயது லாப்ரடார் நாய் ஊடுருவியோரை மோப்பத்தால் உணர்ந்தது. தொடர்ந்த துப்பாக்கிச் சண்டையில் அந்நாயும் அதன் பயிற்சியாளரும் உயிர் துறந்தனர். இராணுவத்தின் சிறப்புக் குறிப்பில் மான்சியின் பெயர் 2016-இல் இடம்பெற்றது. அந்தப் பயிற்சியாளரின் பெயர் பஷீர் அஹ்மத் வார். பிரதேச இராணுவத்தில் பணியாற்றிய காஷ்மீர முஸ்லிம்!

‘ரோஜா’ வந்த 1992 முதல், காஷ்மீர முஸ்லிம் என்றாலே பெரும்பாலும் துப்பாக்கியேந்திய தீவிரவாதியைக் காட்டியே பழகிய தமிழ்த் திரையின் கண்ணுக்கு, நாயின் கயிற்றைப் பிடித்து நாட்டுக்காக முன்னே நடந்த இந்தக் கை ஏன் படவில்லை? வீரனும் நாயும் கொண்ட நட்புத்தான் கதையென்றால், இதைவிடச் சிறந்த கதை எங்கே இருக்கிறது?

திரையுலகைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்வோம். பஷீரின் பெயரை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்? நம் மேடைகளில் எவரேனும் சொன்னதுண்டா? அடுத்த முறை பிள்ளைகள் அத்தகைய படத்தின்முன் அமர்ந்தால், அதட்டாமல் அருகில் அமருங்கள். அவர்கள் அழட்டும். முடிந்ததும், படத்தில் பெயரின்றிப் போனவர்கள் யாரென்று கேளுங்கள். பிறகு பஷீரையும் மான்சியையும் பற்றிச் சொல்லுங்கள். இருவரையும் சேர்த்தே சொல்லுங்கள். அவ்வாறு எண்ணுவதுதான் நம் வேதம் நமக்குக் காட்டிய முறை.