சிலிண்டரைக் கழட்டுறது பெரிய விஷயமில்லை

தலைப்பைப் பார்த்துட்டு சமையல் கேஸ் பத்தின பதிவுன்னு வந்தவங்க மன்னிக்கணும். :) இது ஜெட் ஸ்கி சிலிண்டர். ஜெட் ஸ்கிங்கிறது உண்மையில கவாசாகியோட வணிகப் பெயர். நகல் எடுக்குறதெல்லாம் நம்ம ஊர்ல ஜெராக்ஸ் ஆன மாதிரி, இதுவும் எல்லா கம்பெனி வண்டிக்கும் பேராயிடுச்சு. நண்பர் செகண்ட் ஹேண்டில் வாங்கினது 90-களில் வந்த சீ-டூ. உள்ளே ராட்டாக்ஸ் 717 டூ ஸ்ட்ரோக் இஞ்சின், ரெண்டு சிலிண்டர், 82 மி.மீ. போர்.

ரெண்டு வருஷம் பெட்ரோலோட சும்மா நிறுத்தி வச்சிருந்த வண்டியை அப்படியே கிளப்பி கடல்ல விட்டோம். அது எங்க தப்பு. முன் சிலிண்டர் சீஸ் ஆச்சு. மெக்கானிக் ஒருத்தர் கழட்டி, ஒரு பிஸ்டனும் ரிங்கும் மாத்தி, மறுநாளே பூட்டிக் கொடுத்தார். நாங்களும் "அடேங்கப்பா, என்ன வேகம்"னு பாராட்டி காசு கொடுத்துட்டு வந்தோம்.

மூணே வாரம். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, அதே சிலிண்டர் மறுபடி. இந்த முறை பின்னாடி அவரோட பையன் உட்கார்ந்திருந்தான். ரோட்டுல பைக் நின்னா ஓரமா தள்ளிட்டுப் போகலாம். இதுல பின்னாடி பீச்சுற தண்ணிதான் வண்டியைத் திருப்புது. இஞ்சின் நின்னா ஹேண்டிலைத் திருப்பியும் பிரயோஜனமில்லை, காத்து இழுத்த பக்கம் போக வேண்டியதுதான். ஒரு மீன்பிடி படகுக்காரர் கயிறு போட்டு இழுத்துட்டு வந்தார். பையன் அழலை. நண்பர்தான் அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை.

அப்புறம்தான் நாங்களே கழட்டினோம். என் கருத்து இதுதான் மக்கா: கழட்டி மாட்டுறதை யாரும் கத்துக்கலாம். ஏன் சீஸ் ஆச்சுன்னு கேக்காம மாட்டினா, அதை ரிப்பேர்னே சொல்லக்கூடாது.

பிஸ்டனே கதை சொல்லும். நாலு மூலையிலயும் கீறல்னா, சூடாகாத இஞ்சினை முறுக்கியிருக்கோம்னு அர்த்தம். எங்களுக்கு எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசி, அலுமினியம் ஸ்லீவ்ல ஈஷியிருந்தது. மேல்தலை வெளுத்துப் போயிருந்தது. பெட்ரோல் பத்தலை, காத்து ஜாஸ்தி. காரணம் ரெண்டுல ஒண்ணு: எங்கேயோ காத்து உள்ளே போகுது, இல்லேன்னா கார்புரேட்டர் அடைச்சிருக்கு. முதல்ல லீக் டெஸ்ட். இன்டேக், எக்ஸாஸ்ட் வாயை அடைச்சு 5 பி.எஸ்.ஐ. காத்து ஏத்தி வச்சா மூணு நிமிஷம் இறங்காம நிக்கணும். நின்னுச்சு. அடுத்து கார்புரேட்டரைப் பிரிச்சோம். எங்க வண்டியில சிலிண்டருக்கு ஒண்ணு. முன்பக்கத்தது உள்ளே இருக்கிற விரல் நகம் அளவு வலைக்குள்ள பழைய பெட்ரோல் பிசின். இதைத்தான் அந்த மெக்கானிக் பார்க்கலை. அரை மணி நேர வேலை!

அடுத்த சண்டை ஒரு சிலிண்டரா, ரெண்டுமான்னு. "நல்லா இருக்கிறதை எதுக்குடா தொடணும்?" இது நண்பர். கெட்டதை 0.25-ல போர் பண்ணியும் கோடு போகலை, 0.50 வரைக்கும் போக வேண்டியதாச்சு. கணக்குப் பார்த்து ரெண்டையும் ஒண்ணாவே பண்ணிட்டோம். அளவு ஒண்ணு, தேய்மானம் ஒண்ணு, கம்ப்ரெஷனும் ஒண்ணு. இன்னொருத்தர் ஒண்ணு போதும்பார், அதுலயும் நியாயம் இருக்கு. எனக்கு அந்த ஒரு கிலோமீட்டர் ஞாபகம் வருது.

கழட்டும்போது உப்புத்தண்ணி பட்ட போல்ட்டுகிட்ட வீரம் காட்டாதீங்க. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, கொஞ்சம் சூடு காட்டினா வரும். முறுக்கினா அலுமினியத்துக்குள்ளயே உடைஞ்சு நிக்கும், அப்புறம் ட்ரில்லு, அழுகை. சிலிண்டர் மேலே வந்ததும் கிராங்க்கேஸ் வாயில துணி அடைச்சிருங்க. இத்துனூண்டு சர்க்ளிப் உள்ளே விழுந்தா மொத்த இஞ்சினையும் பிரிக்கணும். (நாங்க துணி வச்சோம், சர்க்ளிப் படகோட அடிவயித்துல விழுந்துச்சு. பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடவும் கூடாது, அதனால புதுசு ரெண்டு கூடுதலா வாங்கி வச்சுக்கங்க.)

மாட்டும்போது பிஸ்டன் தலையில இருக்கிற அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்கணும். திருப்பிப் போட்டா ரிங்கோட வாய் போர்ட்டுல மாட்டி உடையும். இந்த இஞ்சின்ல சிலிண்டர் ரெண்டும் தனித்தனி. அடி போல்ட்டைத் தளர்த்தி வச்சு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாட்டி ரெண்டு முகத்தையும் ஒரே நேர்ல கொண்டு வந்த பிறகுதான் முறுக்கணும். இல்லேன்னா கேஸ்கெட் உட்காராம கசியும். டார்க் ரென்ச் இல்லாம, "கை கணக்கு சார்"னு யாராவது சொன்னா வண்டியைத் திருப்பி எடுத்துட்டு வந்திருங்க.

முதல் டேங்க் பெட்ரோல்ல கூடுதலா கொஞ்சம் ஆயில் கலந்து, மெதுவா ஓட்டினோம். ரெண்டு சிலிண்டரும் 150 பி.எஸ்.ஐ. பக்கம் காட்டுது. நண்பர் இப்ப ஒரு துடுப்பும் இருபது மீட்டர் கயிறும் இல்லாம கிளம்புறதில்லை. பையனை இன்னும் ஏத்தலை. பத்து மணி நேரம் ஓடி முடியட்டும்கிறார்.

டிஸ்கி: கரையில பைப் போட்டு ஓட்டிப் பார்க்கிறவங்க, இஞ்சினைக் கிளப்பின பிறகு தண்ணியைத் திறங்க. நிறுத்தும்போது முதல்ல தண்ணி, அப்புறம் இஞ்சின். மாத்திப் பண்ணினா எக்ஸாஸ்ட் வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி ஏறிடும். மறுபடி முதல் பாராவுல இருந்து படிக்க வேண்டி வரும். :)