கடன் யாருக்கு, காடு யாருக்கு?

ஹைதராபாத் நகரின் கொண்டாப்பூர் பகுதியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களைக் கடந்து சென்றால், மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டி 400 ஏக்கர் புதர்க்காடு விரிந்து கிடக்கிறது. கஞ்ச கச்சிபௌலி என்பது அதன் பெயர். தெலுங்கில் ‘கஞ்ச’ என்றால் மேய்ச்சல் நிலம். ஒரு காலத்தில் ஆடுமாடுகளுக்கு உரியதாயிருந்த அந்நிலத்தில் இன்று மான்களும் மயில்களும் வாழ்கின்றன.

2025 மார்ச் 30 அன்று, உகாதி, ரம்ஜான் விடுமுறைகளைப் பயன்படுத்திக் கொண்டு மண்வாரி இயந்திரங்கள் அங்கே இறக்கப்பட்டன. தடுக்க வந்த மாணவர்களைக் காவல்துறை இழுத்துச் சென்றது. சுமார் நூறு ஏக்கர் பசுமை அழிக்கப்பட்ட பிறகு, ஏப்ரல் 3 அன்று உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து தலையிட்டு மரம் வெட்டுவதை நிறுத்தியது.

இது வெறும் சுற்றுச்சூழல் பிரச்சனையாகவே ஊடகங்களில் பேசப்பட்டது. ஆனால் அந்த இயந்திரங்களை அங்கே அனுப்பியது எது? கடன். மாநில அரசின் தொழில் உள்கட்டமைப்புக் கழகத்தின் கைக்கு மாற்றப்பட்ட இந்நிலத்தை ஆதாரமாகக் காட்டி, 2024இல் கடன் பத்திரங்கள் மூலம் சுமார் 10,000 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. தாங்கள் அடமானக் கடன் எதுவும் வழங்கவில்லை, பத்திரப் பணம் வந்துசேரும் கணக்கை மட்டுமே கையாண்டோம் என்று ஐசிஐசிஐ வங்கி விளக்கமளித்தது. வங்கி கொடுத்தாலென்ன, பத்திர முதலீட்டாளர் கொடுத்தாலென்ன? மேய்ச்சல் நிலம் நிதிச் சந்தையின் பிணைப்பொருளாக மாறிவிட்டது என்பதே உண்மை.

கட்சி மாறியது, கொள்கை மாறவில்லை

இதே 400 ஏக்கரைச் சந்திரபாபு நாயுடு அரசு விளையாட்டு வளாகம் என்ற பெயரில் ஐஎம்ஜி பாரதா என்னும் தனியார் நிறுவனத்திற்குத் தாரைவார்த்தது. 2006இல் ராஜசேகர ரெட்டி அரசு அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. நீண்ட வழக்கு 2024 மே மாதம் உச்சநீதிமன்றத்தில் அரசுக்குச் சாதகமாக முடிந்தது. மீண்ட நிலம் மக்களிடம் வந்திருக்க வேண்டும். வந்ததோ பத்திரச் சந்தைக்கு!

இன்று கண்ணீர் வடிக்கும் பாரத ராஷ்ட்ர சமிதியின் யோக்கியதை என்ன? தனது ஆட்சியில் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையை 30 ஆண்டுகளுக்கு 7,380 கோடி ரூபாய்க்குத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. கோகாபேட்டையில் ஏக்கர் நூறு கோடிக்கு நிலத்தை ஏலம் விட்டது. மாநிலம் பிறந்தபோது 72,658 கோடியாக இருந்த கடன், 6,71,757 கோடியாக உயர்ந்துவிட்டதாக 2023 டிசம்பரில் காங்கிரஸ் அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையை வாசித்த அதே அரசு, முந்தைய ஆட்சியின் வழியிலேயே நடக்கிறது. 2025 அக்டோபரில் கொண்டாப்பூருக்கு அருகிலுள்ள ராய்துர்க்கத்தில் ஏக்கர் 177 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. இந்த விலையில் எந்த உழைப்பாளி அந்நகரில் குடியிருக்க முடியும்?

கடன் எங்கிருந்து பிறக்கிறது?

‘இலவசங்களால்தான் கடன்’ என்று முதலாளித்துவ ஏடுகள் ஓயாமல் எழுதுகின்றன. உண்மை வேறு. 2019 செப்டம்பரில் மோடி அரசு கார்ப்பரேட் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என அரசே கணக்குச் சொன்னது. செல்வ வரி 2015லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. செல்வந்தரிடம் வரியாக வாங்க வேண்டியதை வாங்காமல் விட்டு, அதையே அவர்களிடம் கடனாக வாங்கி வட்டியும் கட்டுவதுதான் நவீன தாராளமயத்தின் பொருளாதாரம். 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி ரூபாய். மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்கு. கிராமப்புற வேலை உறுதித் திட்டத்திற்கோ 86,000 கோடி மட்டுமே.

மாநிலங்களின் நிலை இன்னும் மோசம். ஜிஎஸ்டி வந்தபின் வரி விதிக்கும் உரிமை பெருமளவு பறிபோனது. செஸ், சர்சார்ஜ் வருவாயில் பங்கு கிடையாது. கடன் வாங்கவோ அரசமைப்புச் சட்டத்தின் 293ஆவது பிரிவின்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். கழகங்கள் வாங்கும் கடனையும் மாநிலத்தின் கணக்கில் சேர்த்துக் கேரளத்தின் கழுத்தை நெரித்ததால், அம்மாநிலம் உச்சநீதிமன்றம் சென்றது. கேரளம் எதிர்த்து வழக்காடியது. தெலங்கானா நிலத்தை விற்கத் துணிந்தது. வேறுபாடு வழிவகையில் அல்ல, வர்க்க நிலைபாட்டில் இருக்கிறது.

அரசு கடன் வாங்குவதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கும் பாசனத்திற்கும் வேலைக்கும் வாங்கும் கடன் நாளைய வருவாயை உருவாக்கும். யாரிடம் வாங்கி, எதற்குச் செலவிட்டு, யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதே கேள்வி. மூலதனத்தின் ஆதித் திரட்சியை ஆராய்ந்த மார்க்ஸ், பொது நிலங்கள் வளைக்கப்பட்டதையும் பொதுக்கடன் வளர்ந்ததையும் அதே வரலாற்றின் பகுதிகளாகக் கண்டார். கச்சிபௌலியில் அவ்விரண்டும் ஒரே பத்திரத்தில் சந்திக்கின்றன.

விவசாயிக்கு எதிராக மாணவரா?

திரட்டிய பணம் விவசாயிகளின் கடன் தள்ளுபடிக்கும் உதவித்தொகைக்கும் பயன்பட்டது என்கிறது ரேவந்த் ரெட்டி அரசு. விவசாயிக்குக் கிடைத்த நிவாரணம் நியாயமானது. அதை நாம் போராடிக் கேட்கிறோம். ஆனால் அந்நிவாரணத்திற்கான விலையைக் காடும் பல்கலைக்கழகமும் ஏன் கொடுக்க வேண்டும்? ஏக்கர் 177 கோடி கொடுத்து வாங்கக்கூடியவர்களிடம் வரி கேட்க அஞ்சுகிறவர்கள், விவசாயியையும் மாணவரையும் மோத விடுகிறார்கள். நிலம் ஒருமுறைதான் விற்கும். வட்டியோ ஆண்டுதோறும் வரும். அடுத்த தவணைக்கு எந்தக் காட்டை விற்பார்கள்?

இலங்கை காட்டும் பாடம்

இந்தப் பாதை எங்கே முடியும் என்பதை அண்டை நாடு காட்டியது. சர்வதேசச் சந்தையில் பத்திரம் விற்றுக் கடனில் மூழ்கிய இலங்கை, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியோ தன் பத்திரங்களை நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றிக்கொள்ள நிர்ப்பந்திக்கப்பட்டது. மறுத்தால் 14 சதவீத வரி 30 சதவீதமாகும் என்பது நிபந்தனை. தோட்டத்திலும் ஆலையிலும் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் அது. ‘முதலீட்டாளர் நம்பிக்கை’ என்பதன் பொருள் இதுதான்: லாபக் காலத்தில் வட்டி பெரும்புள்ளிக்கு, நெருக்கடிக் காலத்தில் இழப்பு தொழிலாளிக்கு.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. நிதி நெருக்கடியில் தள்ளப்படும் எந்த மாநிலத்திலும் புறம்போக்கும் ஏரிக்கரையும் அடுத்த பிணைப்பொருளாகலாம். கச்சிபௌலியில் இயந்திரங்களை நிறுத்தியது நீதிமன்றம் மட்டுமல்ல. அதற்கு முன்பே அவற்றை மறித்து நின்ற மாணவர்கள்.

400 ஏக்கரும் பொதுச்சொத்தாகவே நிலைக்க வேண்டும். பெரும் செல்வத்தின் மீது வரி விதிக்கப்பட வேண்டும். செஸ், சர்சார்ஜ் உள்ளிட்ட வருவாயில் மாநிலங்களுக்கு உரிய பங்கு வழங்கப்பட வேண்டும். பொது நிலத்தைக் காட்டி வாங்கும் ஒவ்வொரு கடனும் சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். இக்கோரிக்கைகளைக் கிளைக் கூட்டங்களுக்கும் தெருமுனைகளுக்கும் எடுத்துச் செல்வோம். மக்களின் பெயரால் கடன் வாங்குகிறவர்கள், அதன் கணக்கை மக்களிடம் சொல்லியே ஆக வேண்டும்!