கழுவ வேண்டாத துப்பாக்கி

முதலிலேயே சொல்லிடுறேன், நான் நிஜத் துப்பாக்கியைக் கையில் தொட்டதே இல்லை. வேட்டைக்கு ஆதரவாகவும் எழுதலை. ஆனா அமெரிக்க வேட்டைக்காரர்கள் பல வருஷமா போடுற ஒரு சண்டை, நாம மெஷின் டிசைன் வகுப்பில் படிக்கிற விஷயத்தில் நேரா வந்து முட்டுது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மசில்லோடர்னா, குழலின் வாய் வழியா மருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் கெட்டிச்சுச் சுடுற துப்பாக்கி. ஒரு தடவை சுட்டா அடுத்ததுக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். தோட்டா வந்ததுமே இது மியூசியத்துக்குப் போயிருக்கணும். போகாததுக்கு முக்கியக் காரணம் சட்டம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கான பொது சீசன் தவிர, மசில்லோடருக்குன்னு தனி சீசன் உண்டு. கருவி மெதுவானது, எட்டுற தூரமும் குறைவு. அதனால கூடுதலா சில நாள் கொடுத்தாலும் மானுக்குத் தப்பிக்க வாய்ப்பு இருக்கும். இதுதான் அதன் லாஜிக். பென்சில்வேனியா மாநிலம் 1974-இல் சிக்கிமுக்கிக் கல்லால் பற்ற வைக்கிற பழைய துப்பாக்கிக்கு மட்டும் ஒரு சீசன் தொடங்கியது.

பிறகு எஞ்சினியர்கள் வந்தார்கள். 1985-இல் டோனி நைட் என்பவர் எம்கே-85 என்ற மாடலைக் கொண்டுவந்தார். பற்ற வைக்கும் பொறி பக்கவாட்டில் இல்லாம மருந்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்தது. அப்புறம் ஷாட்கன் தோட்டாவில் போடுற 209 பிரைமர், குண்டைச் சுற்றி பிளாஸ்டிக் உறை, மேலே டெலஸ்கோப். பழைய ஈய உருண்டையை நம்பி சுமார் 100 கஜம் வரைதான் சுடுவார்கள். 2014-இல் ரெமிங்டன் தன் மசில்லோடரை 300 கஜத்துக்கானதுன்னு விளம்பரம் செய்தது. இன்னும் வாய் வழியாத்தான் மருந்து போடுறோம், அதனால சட்டப்படி இதுவும் மசில்லோடர்தான்!

இதை ஆதரிக்கிறவங்க சொல்றது ஒண்ணும் முட்டாள்தனம் இல்லை. "துல்லியம் கூடினா மான் காயத்தோட ஓடாம அங்கேயே விழும். வயசானவங்களுக்குக் கண் தெரியாது, டெலஸ்கோப் வேணும்" என்கிறார்கள். அதே 100 கஜத்தில் சுட்டா இது முழுக்க உண்மை. ஆனா 300 கஜம் எட்டும்னு சொல்லி ஒண்ணை வித்தா, வாங்கினவன் 100-இல் நிக்க மாட்டான். நல்ல பிரேக் இருக்குன்னு தெரிஞ்சா வண்டியை இன்னும் வேகமா ஓட்டுற மாதிரிதான். டிசைன்ல நாம கஷ்டப்பட்டுச் சேர்த்த மார்ஜினை யூசர் தூரமா மாத்திச் செலவு பண்ணிடுறான். கடைசியில் காயம்பட்டு ஓடுற மானுக்கு என்ன லாபம்?

சுத்தம் செய்யுற விஷயத்திலும் இதே கதைதான். கருமருந்து எரிஞ்சா அதன் எடையில் பாதிக்கு மேல் வாயு ஆகாம திடப்பொருளாவே மிஞ்சும். பொட்டாசியம் கார்பனேட், சல்ஃபேட் மாதிரி உப்புகள். இவை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். அதனால சுட்ட அன்னைக்கே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுறது பழைய வழக்கம். மாற்று மருந்தா வந்த பைரோடெக்ஸில் பெர்குளோரேட் இருக்கு, அதன் மிச்சம் குளோரைடு. கடற்கரை ஊர்க்காரங்களுக்கு குளோரைடு இரும்பை என்ன செய்யும்னு நான் சொல்லித் தர வேண்டாம். டிரிபிள் செவனில் கந்தகம் இல்லை, தண்ணியிலேயே போயிடும். ஆனா குழலின் அடியில் வளையம் மாதிரி கெட்டியா ஒரு படிவு விடும், அடுத்த குண்டு சரியா இறங்காது. பிளாக்ஹார்ன் 209-இல் அழுக்கு ரொம்பக் குறைவு, தண்ணிக்குப் பதிலா சால்வென்ட் போதும். "இனிமே கழுவவே வேண்டாம்"ங்கிற பேச்சு இங்கேதான் ஆரம்பிக்குது.

குழல் பளபளன்னு இருக்கலாம். ஆனா பின்பக்கம் மரையில் முடுக்கியிருக்கிற பிரீச் பிளக்கின் பொறித்துளையில் கரி சேர்ந்துக்கிட்டேதான் இருக்கும். அது அடைச்சா மருந்து தாமதமாப் பிடிக்கும், இல்லைன்னா பிடிக்கவே பிடிக்காது. மரையில் கிரீஸ் போடாம விட்டா பிளக் இறுகிப்போய் ஸ்பேனருக்கும் அசையாது. கழுவுறதுக்காகக் கழட்டும்போதுதான் மரை தேய்ஞ்சிருக்கா, துளை பெரிசாகியிருக்கான்னு கண்ணில் படும். கழுவுற வேலையை எடுத்துட்டா கூடவே இன்ஸ்பெக்‌ஷனும் போயிடுது. முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் வெடிக்கிற பொருளுக்கு இது சின்ன விஷயமா?

இன்னும் ஒரு படி மேலே போய், அழுக்கே இல்லாத ஸ்மோக்லெஸ் மருந்தைப் போட்டுப் பார்க்கிறவங்களும் உண்டு. 2000-வாக்கில் சாவேஜ் கம்பெனி அதுக்குன்னே 10எம்எல் என்ற தனி மாடலை விற்றது. அது அந்த அழுத்தத்துக்காகவே செய்த இரும்பு. சாதாரண மசில்லோடர் அப்படி இல்லை. ஸ்மோக்லெஸ் மருந்து அழுத்தம் கூடக் கூட இன்னும் வேகமா எரியும், அது மறுபடி அழுத்தத்தைக் கூட்டும். கருமருந்தில் இந்தச் சுழற்சி ரொம்பப் பலவீனம். அந்த அடக்கத்தை நம்பிக் கணக்குப் போட்ட குழலில் தப்பான மருந்து விழுந்தா, குழலே பிளக்கும்.

என் கருத்து இதுதான். சக்திவாய்ந்த மசில்லோடரைத் தடை செய்ய வேண்டாம், அது பொது சீசனில் மத்த ரைஃபிள்களோட நிக்கட்டும். தனிச் சலுகை வேணும்னா தனிக் கட்டுப்பாட்டையும் ஏத்துக்கணும். கொலராடோ அந்த சீசனில் டெலஸ்கோப்பையும் பிளாஸ்டிக் உறையையும் அனுமதிக்கிறதில்லை. யூட்டா 2024-இல் உருப்பெருக்கும் டெலஸ்கோப்புக்குத் தடை போட்டது. சரியான முடிவுன்னு நினைக்கிறேன். "வாய் வழியா மருந்து போடணும்"னு மட்டும் ரூல் எழுதினா எஞ்சினியர் அதைச் சுத்திக்கிட்டுப் போயிடுவான். அடுத்த வருஷம் நாமளும் அந்த வேலைக்குத்தான் போறோம். ஸ்பெக்கை மட்டும் பார்க்காம, அந்த ஸ்பெக்கை எதுக்கு எழுதினாங்கன்னும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போமே.

மறுப்பு இருக்கிறவங்க அடுத்த இதழுக்கு எழுதுங்க. படிக்கக் காத்திருக்கேன்.