பல்லாவரம் சந்தை: இடமே முதலீடு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய வெண்கல விளக்கு, நின்றுபோன சுவர்க்கடிகாரம், கையால் பின்னிய கூடை ஆகியவற்றுக்கு விலை கேட்பது என் ஓய்வுக்காலப் பழக்கம், வாங்குவது குறைவு. இவற்றுக்குச் சந்தைவிலை என ஒன்றில்லை. தேடாமல் வந்தவரின் கண்ணில் படும்போதுதான் விலை பிறக்கிறது. ஆகவே, இவ்வியாபாரியின் மூலதனம் அவர் கடை விரிக்கும் இடமே.

2020-இல் மத்திய அரசு தெருவோர வியாபாரிகளுக்குப் பிணையின்றி ரூ.10,000 வரை கடன் அறிவித்தது. வரவேற்கலாம். ஆனால், இடம் பறிபோனால் தவணையை எதைக்கொண்டு கட்டுவார்?

நெரிசல் மெய், சாலை பொதுச்சொத்து என்பதும் மெய். எனினும், 50 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயல்புச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளோரை இடம்பெயர்க்கக் கூடாது என்கிறது 2014-ஆம் ஆண்டுச் சட்டம். வேறிடம் தேடுமுன் உள்ளாட்சி அமைப்பு இச்சந்தையின் வயதைக் கணக்கிடட்டும்.