தேய்மானக் கணக்கு

என் மச்சான் போனில் குரலைக் குழைத்தால் செலவு வருகிறது என்று அர்த்தம். கொஞ்ச நாள் முன்பு ஒரு ராத்திரி ரொம்பவே குழைத்தான்.

"அத்தான், கார் எப்படி ஓடுது?"

"ஓடுது. ஏன்?"

"ஒண்ணுமில்ல... இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஒரு ஞாயித்துக்கிழமை, நம்ம சொந்தக் காரையே எடுத்துட்டுப் போய் ஓட்ட விடறாங்க. வாத்தியார் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சொல்லித் தருவார். பணம் கட்டிட்டேன்."

"சந்தோஷம். ஆனா உன்கிட்டதான் கார் கிடையாதே?"

மறுமுனையில் மௌனம். 'நம்ம சொந்தக் கார்' என்பதில் இருந்த 'நம்ம' அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் காருக்கு இன்னும் 22 தவணை பாக்கி. சட்டப்படி பாதி கார் பாங்க்குடையது, மீதிப் பாதி அவன் அக்காவுடையது. காற்று அடிப்பதும் கழுவுவதும் மட்டும் என்னுடையது. மறுப்பதற்குள் அக்காவின் சிபாரிசு வந்துவிட்டது. "பாவம், ஆசைப்படறான். ஒருநாள்தானே?"

"கவலையே படாதீங்க அத்தான். நல்ல ரேஸ் டயரா நாலு மாட்டிடலாம்" என்றான் மச்சான். யார் பணத்தில் என்று சொல்லவில்லை.

நான் பி.காம். எங்கள் பாடத்தில் டயர் வந்ததே ஒரே ஒரு தடவைதான். ஒரு லாரி கம்பெனியின் தேய்மானக் கணக்கில். அந்தக் கணக்கையும் தப்பாகப் போட்டேன். ஆகவே வழக்கமாக வண்டி பார்க்கும் ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் போனேன்.

அவர் கிரீஸ் படிந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "சார், இவ்வளவு பெரிய வண்டி தரையைத் தொடறது ஒரு டயருக்கு இந்தக் கை அகலம்தான். இஞ்சின், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் சேர்ந்து செய்யற வித்தை இந்த நாலு கை வழியாத்தான் ரோட்டுக்குப் போகணும். உங்க வண்டி முன் சக்கரத்துல இழுக்கற வண்டி. முன் டயர் ரெண்டும்தான் இழுக்குது, திரும்புது, பிரேக்கையும் பெரும்பாலும் தாங்குது."

மூணு பேர் வேலையை ஒரே ஆள் பார்ப்பது என்றால் என்ன என்று ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பிறகு டயரின் விலாவில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். 185/65 R15 88H என்று இருந்தது. 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் உயரம் என்பது. R என்றால் ரேடியல். 15 என்பது சக்கரத்தின் குறுக்களவு, அங்குலத்தில். 88 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, 560 கிலோ. கடைசி எழுத்து வேகம். T என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை, H என்றால் 210, V என்றால் 240. ஏழு வருஷமாக ஓட்டுகிறேன், இத்தனை சமாசாரம் அங்கே எழுதியிருக்கிறது என்று தெரியாது. கல்யாணப் பத்திரிகையைக்கூட நாம் இவ்வளவு அலட்சியமாகப் படிப்பதில்லை.

முக்கியமானது இன்னொரு நாலு இலக்க எண். DOT என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசியில் இருக்கும். 2322 என்றிருந்தால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் பிறந்த டயர். ஓடாமல் சும்மா கிடந்தாலும் ரப்பர் வயசாகி இறுகும். இறுகினால் பிடிப்பு போச்சு.

இதைத் தெரிந்துகொண்ட தெம்பில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளவென்று நாலு டயரை உருட்டிவிட்டு, "உங்களுக்காக ஸ்பெஷல் டிஸ்கவுன்ட் சார்" என்றார். குனிந்து எண்ணைப் பார்த்தேன். அஞ்சு வருஷத்துச் சரக்கு. "இது எல்.கே.ஜி. சேர்ற வயசு" என்றேன். அவர் மெதுவாக டிஸ்கவுன்ட்டை உள்ளே உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

சரி, ரேஸ் டயர் விவகாரத்துக்கு வருவோம். மச்சான் கேட்டது 'செமி ஸ்லிக்'. பள்ளங்கள் குறைவாக, ரப்பர் மெத்தென்று இருக்கும். பிடிப்பு பிரமாதம். ஆனால் ஆயுள் அற்பம். அமெரிக்காவிலும் விற்கப்படும் டயர்களில் 'டிரெட்வேர்' என்று ஓர் எண் பொறித்திருப்பார்கள். 400 போட்ட டயர், 100 என்று வைத்துக்கொண்ட அளவுகோல் டயரைவிடச் சோதனையில் நாலு மடங்கு உழைக்கும் என்று கணக்கு. இந்த மார்க்கைத் தயாரித்த கம்பெனியே போட்டுக்கொள்கிறது. ஆகவே ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொரு கம்பெனியின் 300-ஓடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் பொதுவாக, எண் குறைந்தால் பிடிப்பு கூடும், ஆயுள் குறையும். பற்று என்று ஒன்று இருந்தால் வரவு என்று ஒன்று இருந்தாகவேண்டும். இதை மட்டும் நான் காலேஜில் ஒழுங்காகப் படித்தேன்.

முழு ஸ்லிக் இன்னும் விசேஷம். பள்ளமே கிடையாது, மொட்டை. காய்ந்த தரையில் முழு ரப்பரும் ஒட்டும். ஆனால் சூடேறினால்தான் ஒட்டும். மழை பெய்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும். பந்தயக்காரர்கள் மேகத்தைப் பார்த்து டயர் மாற்றுவது இதனால்தான்.

"டயர்ல என்ன பெரிசா இருக்கு, ஓட்டறவன்லதான் இருக்கு" என்பவர்களுக்கு ஒரு கதை. 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயம். அதற்கு முன் பயிற்சியில், சரிவாக எழும்பும் 13-வது வளைவில், டொயோட்டாவில் போன ரால்ஃப் ஷூமாக்கரின் பின் டயர் போய், கார் சுவரில் மோதியது. அந்த வளைவில் எங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றது மிஷெலின். பேச்சுவார்த்தை நடந்தது, முடிவு வரவில்லை. பந்தயம் துவங்கும் நேரம் 20 கார்கள் ஒரு சுற்று வந்தன. மிஷெலின் மாட்டிய 14 கார்களும் அப்படியே ஷெட்டுக்குத் திரும்பிவிட்டன. மிஞ்சியது பிரிட்ஜ்ஸ்டோன் மாட்டிய ஆறு. அந்த ஆறில் ஒரு ஜோர்டன் காரில் இருந்தவர் நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன். நாலாவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. ரசிகர்கள் திட்டித் தீர்த்த பந்தயம்தான். ஆனால் எனக்குப் பிடித்தது அந்த 14 பேரின் முடிவு. டயரை நம்ப முடியவில்லை என்றால், உலகமே பார்த்தாலும் வண்டியை ஓரம் கட்டு.

ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் கேட்டேன். "செமி ஸ்லிக் போடலாமா?"

"முதல் தடவைதானே போறான்? வேண்டாம் சார். சாதா டயர் வழுக்கறதுக்கு முன்னாடி கிறீச்சுனு கத்தும். கொஞ்சம் கொஞ்சமா விடும். அந்த டயர் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கும். விடறப்ப பெரிய வேகத்துல விடும். புதுசா ஓட்டறவனுக்குச் சுதாரிக்க நேரம் இருக்காது."

புரிந்தது. சாதா டயர் ஒரு மாச நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையை விடுகிற ஊழியர். மற்றது, லஞ்சுக்குப் போனவர் திரும்பி வராத கேஸ்.

என் பழைய டயர்களோ, பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் எச்சரிக்கை மேட்டை ஏறக்குறையத் தொட்டுவிட்டன. எப்படியும் மாற்ற வேண்டியவைதான். "முன்னாடி மட்டும் ரெண்டு புதுசு போட்டா?" என்று சிக்கனமாகக் கேட்டேன். "ரெண்டுதான் வாங்குவேன்னா புதுசைப் பின்னாடி போடுங்க. முன்னாடி வழுக்கினா வண்டி நேரா போகும். பின்னாடி வழுக்கினா சுத்திடும்" என்றார். நாலும் வாங்கினேன். நல்ல தயாரிப்பில் சாதாரண ரோட்டு டயர், நாலு மாசக் குழந்தைகள். மூணு மாசக் கட்டுரைச் சன்மானம் காலி. பாதி மச்சான் தருவதாகச் சொல்லியிருக்கிறான். இதையும் வாராக்கடனில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு நானும் போனேன், பாங்க்கின் பிரதிநிதியாக. 1990-ல் திறந்த டிராக். ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். வாத்தியார் முதல் காரியமாக டயரின் தோளில் சாக்பீஸால் கோடு போட்டார். ஓட்டி வந்தபின் கோடு எவ்வளவு அழிந்திருக்கிறது என்று பார்த்தால், வளைவில் டயர் எவ்வளவு மடங்குகிறது என்று தெரியுமாம். காலையில் குளிர்ந்த டயரில் காற்று 33. அஞ்சு சுற்று ஓடி வந்ததும் 40! உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிகிறது. அவர் சொன்னபடி 34-க்கு இறக்கிவிட்டு மறுபடி ஓட்டினான். வளைவுகளில் டயர்கள் நோட்டீஸ் மேல் நோட்டீஸ் கொடுத்தன. ஒவ்வொன்றையும் மச்சான் மரியாதையாகப் படித்து வேகத்தைக் குறைத்தான். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சாயந்திரம் குனிந்து பார்த்தேன். முன் டயர்களின் வெளி விளிம்பு தூள் தூளாக உரிந்திருந்தது. நேர்ப்பாதையில் ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் வளைவில் போனது. 'நேர்கோட்டுத் தேய்மான முறை' எவ்வளவு தர்மமானது என்று பதினைந்து வருஷம் கழித்துப் புரிந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை பெண்ணை ஸ்கூலில் விட்டுவிட்டு, அப்படியே மனைவியோடு திண்டிவனம் போகவேண்டும். கிளம்பும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கனத்தது. என்னவோ தோன்றி, தெருமுனை பங்க்கில் காற்று பார்த்தேன். முன் டயர் இரண்டிலும் 27.

சூடாக இருந்தபோது இறக்கிய காற்றை, திரும்பும்போது அடிக்க இருவரும் மறந்துவிட்டோம். அவன் ஜெயித்த சந்தோஷத்தில். நான் கார் முழுசாக இருந்த சந்தோஷத்தில். காற்று குறைந்த டயர் ஓட ஓட விலா மடங்கிச் சூடாகும். நெடுஞ்சாலையில் அந்தச் சூட்டில்தான் வெடிக்கும். பின் சீட்டில் என் பெண் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

33-க்கு அடித்தேன். கை லேசாக நடுங்கியது.

ரேஸ் டிராக்கில் வாத்தியார், ஹெல்மெட், ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. திண்டிவனம் ரோட்டில் அந்த நாலு உள்ளங்கை மட்டும்தான். டிராக்குக்கு எந்த டயர் என்று யாராவது கேட்டால் இனி என் பதில் ஒன்றே: மறுநாள் உங்கள் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகத் தயங்காத டயர். அதிலும், கிளம்பும் முன் காற்றைப் பார்த்துவிட்டு.

மச்சானுக்கு போன் பண்ணி இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அத்தான், அந்தப் பாதிப் பணம்... இன்னிக்கே அனுப்பிடறேன்" என்றான்.

வந்துவிட்டது. வாராக்கடன் வசூல் என்று தனியாக ஒரு கணக்கு திறக்கவேண்டும்.